கடையில் ஜில்... வீட்டில் புழுக்கம்!

‘கூலிங் ஃபோம்’ மெத்தை தேடி அலையும் மும்பைத் தம்பதிகளுக்கு ஒரு வழிகாட்டி

மே மாத ஞாயிற்றுக்கிழமை, மாலை ஐந்து மணி. செம்பூர் ஸ்டேஷன் பக்கம் ஒரு மெத்தை ஷோரூம். கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு தம்பதி உள்ளே வருகிறார்கள். கணவருக்குச் சட்டை முதுகோடு ஒட்டிக் கிடக்கிறது. மனைவி துப்பட்டாவால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே ஏ.சி.க்கு நேராகப் போய் நின்றுகொள்கிறார். நீல ஜெல் புள்ளிகள் தெரியும்படி குறுக்காக வெட்டிய மாதிரித் துண்டு ஒன்றை விற்பனையாளர் நீட்டுகிறார். “மேடம், ஹாத் லகாகே தேக்கியே... ஏக்தம் தண்டா!”

அவர் உள்ளங்கையை வைக்கிறார். “என்னங்க, தொட்டுப் பாருங்களேன், எப்படி ஜில்லுனு இருக்கு!” கணவர் தொடுகிறார். பிறகு இருவரும் செருப்பைக் கழற்றிவிட்டு, பெரிய மெத்தையின் ஆளுக்கொரு ஓரத்தில், பக்கத்தில் நிற்பவர்கள் பார்க்கிறார்களே என்ற கூச்சத்துடன் விறைப்பாக மல்லாந்து படுக்கிறார்கள். இரண்டே நிமிடம். எழுந்ததும் பேச்சு இ.எம்.ஐ.க்குப் போய்விடுகிறது.

சுவரில் ஏ.சி.யின் எண் 22 என்று எரிந்துகொண்டிருக்கிறது. காலையிலிருந்து யாரும் படுக்காமல் கிடக்கிற மெத்தையும் 22 டிகிரியில்தான் இருக்கும். தொடுகிற கை முப்பதுக்கு மேல். ஜில்லென்று இல்லாமல் வேறு எப்படி இருக்கும்? அந்தக் கடையின் மேஜையைத் தொட்டிருந்தாலும் கொஞ்சம் குளிர்ந்திருக்கும். மேஜைக்கு யாரும் முப்பதாயிரம் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

அந்தத் தம்பதி வாங்கிப்போகும் மெத்தை வீட்டில் விரிக்கப்படும்போது அறை 30 டிகிரியில் இருக்கும். மே மாத மும்பையில் நள்ளிரவிலும் வெளியே 27, 28-க்குக் கீழே இறங்குவது அபூர்வம். பகலெல்லாம் வெயில் குடித்த சுவருக்குள்ளே அதைவிட ஓரிரு டிகிரி கூடத்தான் இருக்கும். அந்த 30 டிகிரியில் இந்த மெத்தை என்ன செய்யும் என்பதைக் கடையில் கேட்பவரும் இல்லை, சொல்பவரும் இல்லை.

தொட்டால் குளிர்வது வேறு, தூங்கும்போது குளிர்வது வேறு

ஊர் வீட்டில் மொசைக் தரையில் கால் வைத்தால் குளிரும். பக்கத்திலேயே கிடக்கும் ஜமக்காளத்தில் வைத்தால் குளிராது. இரண்டும் ஒரே அறை, ஒரே வெப்பநிலை. மொசைக் நம் காலின் சூட்டைச் சட்டென்று வாங்கிக்கொள்கிறது, ஜமக்காளம் வாங்குவதில்லை. ‘கூலிங்’ மெத்தையின் மேலுறையும் ஜெல்லும் செய்வது மொசைக்கின் வேலையைத்தான். ஆனால், தரைக்கு அடியில் கான்கிரீட்டும் மண்ணும் இருக்கின்றன. வாங்கிய சூட்டைக் கீழே கடத்திவிடும். மெத்தையில் ஜெல் இருப்பது மேலே ஓர் அங்குலம், இரண்டு அங்குலம். அதற்கு அடியில் ஐந்து அங்குலம் வெறும் ஃபோம். ஃபோம் வெப்பத்தைக் கடத்தாது. ஃப்ரிட்ஜின் சுவருக்குள் குளிர் வெளியேறாமல் இருக்க நிரப்புவதும் பாலியூரித்தேனின் இன்னொரு வகைதான். ஆக, ஜெல் வாங்கிய சூடு போக்கிடம் இல்லாமல் அங்கேயே தங்கும். முதல் கால்மணி நேரம் சுகம். பிறகு ஜெல்லும் நம் உடம்பும் ஒரே சூடு.

தூங்கும் மனித உடல் சும்மா கிடப்பதில்லை. சுமார் 70 வாட் அளவுக்கு வெப்பத்தை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கிறது. இரண்டு பேர் என்றால் 140 வாட். நன்றாகத் தூக்கம் பிடிக்க வேண்டுமானால் உடலின் உள்வெப்பம் ஏறக்குறைய ஒரு டிகிரி இறங்க வேண்டும். அதற்காகத்தான் தூக்கம் வரும் நேரத்தில் கை, கால்களுக்கு ரத்தம் அதிகம் பாய்ந்து சூட்டை வெளியே விடுகிறது. வறண்ட ஊரில் வியர்வை காய்ந்து மிச்ச வேலையை முடித்துவிடும். மும்பையில் காற்றிலேயே தண்ணீர். வியர்வை காயாமல் மெத்தைக்குள் இறங்குகிறது. தோலும் மூச்சும் சேர்ந்து ஓர் இரவில் ஒருவர் இழக்கும் நீர் ஒரு டம்ளருக்குக் குறையாது. ஆளுக்கு ஒரு டம்ளர்!

விமான இருக்கையிலிருந்து படுக்கையறைக்கு

முன்கதையைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். பாலியூரித்தேனை ஜெர்மனியின் லெவர்கூசனில் ஓட்டோ பேயரும் அவருடைய குழுவினரும் கண்டுபிடித்தது 1937-ல். அமெரிக்காவின் நாசா ஏம்ஸ் ஆய்வு மையத்துக்காக, விமான இருக்கையில் மோதலின் அதிர்ச்சியைத் தாங்க 1966-ல் சார்லஸ் யோஸ்ட் உருவாக்கிய நுரைதான் இன்றைய மெமரி ஃபோம். அதை மெத்தையாக்கி 1991-ல் சந்தைக்குக் கொண்டுவந்தது ஸ்வீடன் நிறுவனம் ஒன்று. மும்பையின் புழுக்கம் அந்தக் கணக்கில் எங்கேயும் வரவில்லை. உடல் சூட்டில் இளகி, உடம்பின் வடிவத்துக்குக் குழிந்துகொடுப்பது மெமரி ஃபோமின் குணம். அப்படிக் குழிந்து நம்மைச் சுற்றி மூடிக்கொள்வதால் காற்றுக்கு வழியில்லை. குளிர்நாட்டில் அது வரம்.

இந்தியாவில் 1960-களில் நாம் கண்டது தேங்காய் நார் மெத்தை. கர்லான் 1962, ஆலப்புழையின் டியூரோஃப்ளெக்ஸ் 1963. பிறகு ஸ்லீப்வெல் வழியாக ஃபோம் வீடுதோறும் புகுந்தது. 2023-ல் ஸ்லீப்வெல்லின் தாய் நிறுவனமான ஷீலா ஃபோம், கர்லானையே வாங்கிவிட்டது. 2016-ல் பெங்களூரின் வேக்ஃபிட், 2019-ல் மும்பையின் த ஸ்லீப் கம்பெனி என்று ஆன்லைன் நிறுவனங்கள் வரிசையாக வந்தபின் மெத்தை, சுருட்டிக் கட்டிய பெட்டியாக வாசலுக்கே வருகிறது. ‘சூடு பிடிக்கிறது’ என்ற புகார் கிளம்பியதும் ஜெல், செம்புத் துகள், கிராஃபைட், மெழுகு என்று ஒவ்வொன்றாக ஃபோமில் கலக்கத் தொடங்கினார்கள்.

மெழுகுக் கணக்கு

இவற்றில் விலை அதிகம் சொல்வது பி.சி.எம். எனப்படும் மெழுகுத் துகள்களுக்கு. ஏமாற்று அல்ல, உண்மையான அறிவியல். 28-லிருந்து 32 டிகிரிக்குள் உருகும்படி தேர்ந்தெடுத்த மெழுகைக் கண்ணுக்குத் தெரியாத உருண்டைகளில் அடைத்து மேலுறையில் பூசுகிறார்கள். நம் உடல் சூட்டில் மெழுகு உருகும். உருகும்போது சூட்டை விழுங்கும். அதுவரை படுக்கை சூடேறாது.

இரண்டு சிக்கல்கள். ஒன்று, எவ்வளவு நேரம்? ஒரு கிலோ மெழுகு உருகச் சுமார் 200 கிலோ ஜூல் வேண்டும். மெத்தையில் அரைக் கிலோ இருப்பதாகத் தாராளமாகவே வைத்துக்கொள்வோம்: 100 கிலோ ஜூல். ஒருவர் உடம்பிலிருந்து மெத்தைப் பக்கம் இறங்குவது 25 வாட் என்று கொண்டால், ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஓடும். கணவன் மனைவி இருவரும் படுத்தால் அரைமணி. பத்தரைக்குப் படுத்தால் பதினொன்றுக்குக் கதை முடிந்தது.

இரண்டாவது சிக்கல்தான் பெரியது. உருகிய மெழுகு மறுபடி உறைந்தால்தான் நாளைக்கு வேலை செய்யும். அதற்கு அறை, மெழுகு உருகும் நிலையைவிடக் குளிர்ந்திருக்க வேண்டும். ஏ.சி. இல்லாத மே மாத அறையில் அந்த மெழுகு பகலிலேயே உருகிப்போய், நாம் படுக்க வருவதற்கு முன்பே வேலை முடிந்து கிடக்கும். அதாவது, ‘கூலிங்’ மெத்தை ஒழுங்காக வேலை செய்வது ஏ.சி. போட்ட அறையில். அதன் தேவை மிகக் குறைவாக இருக்கும் இடமும் அதுவே.

[பெட்டிச் செய்தி]
கடைக்காரர் சொல்வதும் அதற்கு அர்த்தமும்

டென்சிட்டி: ஒரு கனமீட்டர் ஃபோமின் எடை, கிலோவில். 32 என்றால் சுமார் ரகம், 40 என்றால் உழைக்கும். மெத்தை கெட்டியா மெதுவா என்பதற்கும் இதற்கும் நேரடித் தொடர்பு இல்லை.

ஹெச்.ஆர். ஃபோம்: அழுத்தினால் சட்டென்று மீளும். துளைகள் திறந்திருப்பதால் காற்று ஓரளவு ஓடும்.

மெமரி ஃபோம்: அழுத்திய கைத்தடம் மெல்ல மறையும். இடுப்புக்கு இதம், புழுக்கத்துக்கு எதிரி. மேலே ஓர் அங்குலத்துக்கு மேல் வேண்டாம்.

லேடெக்ஸ்: ரப்பர் பாலில் செய்தது, ஊசித் துளைகள் உண்டு. ஃபோம் வகைகளில் காற்றோட்டம் இதில்தான் அதிகம். எடையும் விலையும் கூட. ‘நேச்சுரல்’ என்று எழுதியிருந்தால் எத்தனை சதவிகிதம் என்று கேளுங்கள்.

ரீபாண்டட்: வெட்டி மீந்த ஃபோம் துண்டுகளை ஒட்டி அழுத்தியது. கல் மாதிரி இருக்கும். அடித்தளத்துக்கு மட்டும் சரி.

ஆர்த்தோ: நடைமுறையில் ‘கெட்டியானது’ என்பதைத் தவிர வேறு பொருள் இல்லை.

தாராவி: மாலாவுக்கு மேலே பத்ரா

மெத்தை விளம்பரங்களில் வரும் படுக்கையறைக்கு நாலு பக்கமும் இடம் இருக்கும். 90 ஃபீட் ரோட்டிலிருந்து சந்துக்குள் திரும்பினால் கணக்கே வேறு. பத்துக்குப் பத்து கோலி, அதாவது ஒற்றை அறை. மூலையில் செங்குத்தான இரும்பு ஏணி. ஏறினால் மாலா எனும் பரண். அதில் நிமிர்ந்து உட்கார்ந்தால் தலைக்கு ஒரு சாண் மேலே பத்ரா எனும் தகரக் கூரை. கீழே பெரியவர்களும் பிள்ளைகளும். மேலே கணவனும் மனைவியும். பகல் முழுக்கக் காய்ந்த தகரம் ராத்திரி பதினொன்று வரைக்கும் அந்தச் சூட்டை நேராக முகத்தில் இறக்கும். கீழே இருக்கும் மெத்தையை எவ்வளவு குளிர்வித்தாலும் மேலேயிருந்து அடுப்பு எரிகிற இடம் அது.

இங்கே கிங் சைஸ் மெத்தை என்பது 78-க்கு 72 அங்குலம், 39 சதுர அடி. நூறு சதுர அடி அறையில் அதைப் போட்டால் சமைக்க இடமிருக்காது. அதனால் மூன்றாக மடிக்கும் நாலு அங்குல ஃபோம்தான் பலருக்குச் சரிப்படுகிறது. காலையில் மடித்து ஓரமாகச் சாய்த்துவிடலாம். மெமரி ஃபோமை இப்படித் தினம் மடித்தால் மடிப்பில் விரிசல் விடும். ஜெல் அடுக்கு பிரிந்து வரும். விளம்பரத்தைப் பார்த்து வாங்கி ஒரே வருஷத்தில் பாழானவை இந்த வகையில் அதிகம்.

மாலாவில் படுப்பவர்களுக்கு ‘கூலிங்’ வைக்கும் பணத்தைத் தகரத்தின் மேல் வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சுக்குப் போடச் சொல்வேன். அடுத்து, தலைக்கு மேலே இடமில்லாததால் சுவரில் மாட்டும் விசிறி. மூன்றாவதாகத்தான் மெத்தை: 40 டென்சிட்டி, பருத்தி உறை, மூன்று மடிப்பு. மெத்தைக்கு அடியில் கோரைப்பாய். மழைக்காலத்தில் தரை வியர்க்கும்போது ஈரம் ஃபோமுக்குள் ஏறாமல் இருக்க அந்த இடைவெளி உதவும். தாராவித் தமிழர்களில் பெரும்பகுதி நெல்லைச் சீமைக்காரர்கள். மணமக்கள் பெயரை நெய்து தரும் பத்தமடைக் கல்யாணப் பாய் அவர்களுக்குப் புதிதில்லை. வெயில் காலத்தில் பாயை மெத்தைக்கு மேலே விரித்துப் படுப்பவர்களும் உண்டு. கோரைக்கு ஜெல் தெரியாது. ஆனால், உடம்போடு ஒட்டாது, இடுக்கில் காற்று விடும். 30 டிகிரி அறையில் எனக்குத் தெரிந்து அதற்கு ஈடான ‘கூலிங் லேயர்’ இல்லை.

தாராவி மறுசீரமைப்பில் தகுதி பெறுவோருக்கு 350 சதுர அடி வீடு என்று அறிவித்திருக்கிறார்கள். கதவு வைத்த படுக்கையறை பலருக்கு வாழ்க்கையில் முதல்முறை. அப்போது கட்டிலும் மெத்தையும் மொத்தமாக விற்கப் பெரிய படையே வரும். அந்த அறையில் ஜன்னல் எந்தப் பக்கம், எதிர்க் கட்டடம் எத்தனை அடியில் என்று பார்த்துவிட்டு மெத்தை வாங்குவது நல்லது.

மாட்டுங்கா: காற்றுக்காகக் கட்டிய பேட்டை

1896-ல் பம்பாயைப் பிளேக் உலுக்கியபின், 1898-ல் அமைக்கப்பட்ட சிட்டி இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் வகுத்த திட்டங்களில் ஒன்று தாதர்-மாட்டுங்கா. கட்டடத்துக்குக் கட்டடம் இடைவெளி, அகலச் சாலை, மரம், உயரம் கட்டுக்குள். அறைக்குள் காற்றும் வெளிச்சமும் வந்தால்தான் நோய் போகும் என்று அன்றைய நகரம் நம்பியது. தென்னிந்தியர்கள் குடியேறி, 1932-ல் எஸ்.ஐ.இ.எஸ். கல்விச் சங்கம் கண்டதெல்லாம் இந்தக் காற்றோட்டமான தெருக்களில்தான். அந்தப் பழைய கட்டடங்களில் மிச்சமிருப்பவற்றில் உயரக் கூரையும் எதிரெதிர் ஜன்னலும் உண்டு. ஏ.சி. இல்லாமலே ஏப்ரல் வரை ஓட்டிவிடுகிறார்கள்.

இங்கே பிரச்சினை வேறு. சீர்வரிசையில் வந்த தேக்குக் கட்டில் இன்றைய அளவு எதிலும் அடங்காது; மெத்தையை அதற்கேற்ப வெட்டித்தான் செய்ய வேண்டும். அளவு கொடுத்துச் செய்யும் மெத்தையை, ஆன்லைன் நிறுவனங்கள் தரும் நூறு நாள் சோதனை முடிந்து பெரும்பாலும் திருப்பித் தர முடியாது, விதிமுறையிலேயே போட்டிருப்பார்கள். லிஃப்ட் இல்லாத மாடிக்கு எட்டு அங்குல ஸ்பிரிங் மெத்தையைத் திருப்பித் திருப்பி ஏற்றுவது பெரும்பாடு. சுருட்டி வரும் ஃபோமுக்கு அந்தக் கவலை இல்லை. அறுபதைத் தாண்டிய தம்பதிகள் உயரத்தையும் பார்க்க வேண்டும். கட்டிலும் மெத்தையும் சேர்ந்து 18 முதல் 20 அங்குலம் இருந்தால் உட்கார்ந்தபடி பாதம் தரையில் பதியும். பழைய கட்டிலே 15 அங்குலம் என்றால் மெத்தை நாலைந்துதான். பத்து அங்குல ‘லக்ஷுரி’யை அதன்மேல் ஏற்றினால், நடுராத்திரி பாத்ரூம் போக எழுகிற பாட்டியின் கால் அந்தரத்தில் தொங்கும்.

மாதவிடாய் நிற்கும் பருவத்துப் பெண்களுக்கு இந்த விஷயம் இன்னும் தனி. திடீரென்று உடம்பெல்லாம் தகிக்கும், பத்து நிமிடத்தில் வியர்த்துக் குளிரும். பக்கத்தில் படுத்திருப்பவர் போர்வையை இழுத்து மூடிக்கொண்டிருப்பார். இவர்களுக்கு மெமரி ஃபோம் கூடவே கூடாது என்பது என் கட்சி. உடம்பை அமிழ்த்தாத லேடெக்ஸோ, கெட்டியான ஹெச்.ஆர். ஃபோமோ, ஆளுக்குத் தனிப் போர்வையோடு.

செம்பூர்: 24-ஆ, 20-ஆ?

மாஹுல் பக்கம் 1950-களிலேயே எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் வந்துவிட்டன; உரத் தொழிற்சாலையும் சேர்ந்தது. சில இரவுகளில் ஜன்னலைத் திறக்க முடியாத நெடி. மூடினால் புழுக்கம். ஆகவே செம்பூரின் புதிய அடுக்குமாடிகளில் ஏ.சி. ஆடம்பரமாக இல்லாமல் போய் வெகுகாலம் ஆகிறது. 2020 ஜனவரி முதல் விற்கும் அறை ஏ.சி.கள் ஆன் செய்ததும் 24-ல் தொடங்க வேண்டும் என்பது மத்திய அரசின் விதி. ரிமோட் யார் கையில் என்பதற்கு விதி இல்லை. கணவருக்கு 20, மனைவிக்கு 26 என்று இழுபறி நடக்கும் வீட்டில்தான் ‘கூலிங்’ மெத்தைக்கு உண்மையான வேலை இருக்கிறது. அறையை 25, 26-ல் வைத்துவிட்டு, சூடு தாங்காதவர் பக்கம் மட்டும் ஜெல்லோ பி.சி.எம்.மோ பூசிய மேல்விரிப்பு போட்டால் போதும். முழு மெத்தையையும் மாற்ற வேண்டியதில்லை. மின் கட்டணமும் கொஞ்சம் இறங்கும்.

புது ஃபோம் மெத்தைக்கென்று ஒரு நெடி உண்டு. ஏற்கெனவே நெடிக்குப் பேர்போன இடத்தில் அதை வேறு மூடிய அறைக்குள் சுவாசிக்க வேண்டாம். பிரித்ததும் இரண்டு மூன்று நாள் ஜன்னலைத் திறந்துவைத்து ஆறவிட்டுப் படுப்பது உத்தமம்.

இருவர் படுக்கும்போது

தனி ஆளுக்கு மெத்தை தேர்வது சுலபம். தம்பதிக்கு எடை, நேரம், சூடு மூன்றும் முரண்படும்.

85 கிலோ கணவர், 55 கிலோ மனைவி. மெதுவான ஃபோமில் கணவர் பக்கம் பள்ளம் விழும். மனைவி உறக்கத்தில் அந்தப் பள்ளத்துக்கு உருண்டு வருவார். உருண்டு வந்தபின் இரு உடல் சூடும் ஒரே குழியில். விளைவு, இருவருக்கும் தூக்கம் போகும். கெட்டியே நல்லது என்று பாறை மாதிரி வாங்குவதும் தப்பு. முதுகுவலி உள்ள 313 பேரை வைத்து ஸ்பெயினில் நடத்தி, 2003-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வு, மிகக் கெட்டியான மெத்தையைவிட நடுத்தரக் கெட்டியில் படுத்தவர்களுக்கே வலி அதிகம் குறைந்ததாகச் சொன்னது. ‘தரையில் படு, முதுகுவலி போகும்’ என்ற தாத்தாவின் வைத்தியத்தை மறுபரிசீலனை செய்யலாம்.

அடுத்தது நேரம். தாராவியில் விடியற்காலை மூன்று மணிக்கே எழுந்து மாவோடும் இட்லிச் சட்டியோடும் நாளைத் தொடங்கும் குடும்பங்கள் உண்டு. அந்த இட்லிதான் சைக்கிளில் மும்பையெங்கும் போகிறது. ஐ.டி. வேலைக்காரர் இரண்டு மணிக்குப் படுக்க வருவார். முதல் லோக்கல் ரயிலைப் பிடிக்கும் நர்ஸ் நாலுக்கு எழுவார். ஒருவர் எழுந்தால் மற்றவர் விழிக்காமல் இருக்க வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் ஃபோமுக்கு முழு மதிப்பெண். பழைய ஸ்பிரிங் மெத்தை ஒரு முனையின் அசைவை மறுமுனைக்கு அப்படியே தரும். ஃபோம் வழியிலேயே விழுங்கிவிடும். கடையில் ஒருவர் படுத்திருக்க, மற்றவர் புரண்டு எழுந்து பார்த்தால் தெரிந்துவிடும். வெட்கப்பட வேண்டாம். வாங்கப்போவது பத்து வருஷத்துக்கு.

இடத்தையும் அளந்து பாருங்கள். குயின் சைஸ் அகலம் 60 அங்குலம்; ஆளுக்கு 30. சாதாரண ஒற்றைக் கட்டிலின் 36-ஐவிடக் குறைவு. நடுவில் குழந்தை வேறு. அறை அனுமதித்தால் 72 அங்குலமே சரி. எனக்குக் கேட்டால், 36 அங்குல ஒற்றை மெத்தை இரண்டை ஒரே கட்டிலில் ஒட்டிப் போட்டு ஒரே விரிப்பு விரிப்பது தம்பதிக்கு ஆகச் சிறந்த தீர்வு. அவருக்குக் கெட்டி, இவருக்கு மெது. இவர் பக்கம் லேடெக்ஸ், அவர் பக்கம் ஹெச்.ஆர். ஒன்று தொய்ந்தால் ஒன்றை மட்டும் மாற்றலாம். குறுகிய மாடிப்படியிலும் ஏறும். ‘புதுசாக் கல்யாணம் ஆனவங்களுக்கு ரெண்டு மெத்தையா?’ என்று மாமியார் கேட்பார். விரிப்பு போட்டபின் அவருக்குத் தெரியவா போகிறது!

[பெட்டிச் செய்தி]
தராசில் ஏற்றிப் பாருங்கள்

‘40 டென்சிட்டி சார்’ என்பார்கள். உள்ளே என்ன என்று திறந்து பார்க்க முடியாது. எடை காட்டிக்கொடுக்கும்.

78-க்கு 60 அங்குலம், 6 அங்குலக் கனம்: முழுவதும் 40 டென்சிட்டி என்றால் ஃபோம் மட்டும் சுமார் 18 கிலோ. 32 என்றால் 15-க்குக் கீழே.

78-க்கு 72, அதே கனம்: 40-க்குச் சுமார் 22 கிலோ, 32-க்குச் சுமார் 18.

உறைக்கு ஓரிரு கிலோ கூட்டிக்கொள்ளுங்கள். லேடெக்ஸோ கனத்த மெமரி ஃபோமோ சேர்ந்தால் எடை இன்னும் ஏறும். ‘40’ என்று சொன்ன குயின் மெத்தை உறையோடு சேர்ந்தே 14 கிலோ நின்றால், கேள்வி கேளுங்கள்.

வாங்கியபின் நடக்கிற கொலை

நல்ல மெத்தையை வாங்கி, அதன் காற்றை நாமே அடைப்பதுதான் அதிகம் நடக்கிறது. முதல் குற்றவாளி, அழுக்காகிவிடும் என்று கழற்றாமல் விடுகிற பிளாஸ்டிக் உறை. முப்பதாயிரம் ரூபாய்க்கு ஜெல், அதன்மேல் பத்து ரூபாய் பாலிதீன்! இரண்டாவது, பின்புறம் பிளாஸ்டிக் பூசிய வாட்டர்ப்ரூஃப் விரிப்பு. குழந்தை இருக்கும் வீட்டில் தவிர்க்க முடியாது, பெரியவர்கள் படுக்கும் இடத்திலிருந்தாவது எடுத்துவிடலாம். மூன்றாவது, வழவழப்பான பாலியஸ்டர் பெட்ஷீட். கரூரோ சென்னிமலையோ சோலாப்பூரோ, பருத்தியாக இருக்கட்டும்.

நாலாவது, மும்பையின் செல்லப்பிள்ளையான பெட்டிக் கட்டில். இடமில்லாத ஊரில் கட்டிலுக்கு அடியில் சூட்கேஸும் குளிர்காலத் துணியும் வைத்தாக வேண்டும், புரிகிறது. ஆனால், மூடிய பிளைவுட் மேல் ஃபோமைப் போட்டால் அடிப்புறம் ஈரம் தங்கும். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை காற்றில் ஈரம் 80 சதவிகிதத்தைத் தாண்டுகிற ஊர் இது. ஆகஸ்டில் ஒருநாள் மெத்தையைத் தூக்கிப் பாருங்கள். அடியில் கறுப்புப் புள்ளிகளாகப் பூஞ்சை பூத்திருக்கும். ஈரத்தில் பெருகும் தூசிப்பூச்சி, ஆஸ்துமா உள்ளவர்களுக்கு நேரடி எதிரி. பிளைவுட்டில் வரிசையாகத் துளை போடச் சொல்லுங்கள். தச்சருக்கு அரைமணி வேலை. வாரம் ஒருமுறை மெத்தையைச் சுவரோரம் நிமிர்த்திச் சாய்த்து விசிறியைப் போட்டுவிடுங்கள்.

தூக்கம் கெடுவதைச் சின்ன விஷயமாக நினைக்க வேண்டாம். 68 நாடுகளில் 47 ஆயிரம் பேரின் கைப்பட்டைப் பதிவுகளை வைத்து 2022-ல் வெளியான ஆய்வு, இரவு 30 டிகிரிக்கு மேல் போனால் சராசரியாக 14 நிமிடத் தூக்கம் பறிபோவதாகக் கணக்கிட்டது. பெண்களுக்கும் முதியவர்களுக்கும் வருமானம் குறைந்த நாடுகளில் இருப்பவர்களுக்கும் இழப்பு கூடுதல். மாலாவில் படுப்பவருக்கு ஒரே இரவில் இந்தப் பட்டியலில் இரண்டு மூன்று காரணங்கள் சேர்ந்துவிடும். மறுநாள் லோக்கலில் தொங்கிக்கொண்டு போகிறவருக்கு அந்த நிமிடங்களின் விலை வேறு.

வாரன்டி பற்றி ஒரு வார்த்தை. பத்து வருடம் என்று கொட்டை எழுத்தில் இருக்கும். பல நிறுவனங்களில், யாரும் படுக்காதபோதும் ஓர் அங்குலத்துக்கு மேல் பள்ளம் நின்றால் மட்டுமே அது செல்லுபடியாகும். கறை பட்டால் போச்சு. ‘சூடாக இருக்கிறது’ என்பது எந்த வாரன்டியிலும் குறையாகச் சேராது. குளிரும் என்று சொல்லி விற்கிறார்கள், குளிராவிட்டால் பொறுப்பில்லை! ஆகவே நூறு நாள் சோதனை தரும் நிறுவனமானால், அந்த நாட்கள் ஏப்ரல், மே, அல்லது அக்டோபரில் விழும்படி வாங்குங்கள். டிசம்பரில் எந்த மெத்தையும் கூலிங்தான்.

தூக்கிப்போடும் நாளும் வரும். ஃபோம் மக்காது. பழைய மெத்தையை, பழைய சாமான் வாங்கும் கபாடிக்காரர் பெரும்பாலும் தொடமாட்டார். மழைக்கு முன் நாலாக்கள் எனப்படும் வடிகால்களைத் தூர்வாரும்போது தெர்மகோலோடும் பிளாஸ்டிக்கோடும் மெத்தைகளும் வருவதும், அவை அடைத்த இடத்தில் வெள்ளம் தேங்குவதும் மும்பைக்குப் பழகிய காட்சி. புதிதாக விற்பவர் பழையதை எடுத்துக்கொள்வாரா என்று பில் போடும் முன்பே கேளுங்கள்.

எங்கள் தீர்ப்பு

ஏ.சி. இல்லாத அறையா? ஜெல்லுக்கும் பி.சி.எம்.முக்கும் ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகத் தராதீர்கள். நடுத்தரக் கெட்டியில் 40 டென்சிட்டி ஹெச்.ஆர். ஃபோம், கையில் பணம் இருந்தால் மேலே இரண்டு அங்குல லேடெக்ஸ். மிச்சத்தில் 30 வாட் அளவில் ஓடும் பி.எல்.டி.சி. ஃபேன், நல்ல பருத்தி விரிப்பு இரண்டு. ஏ.சி. உண்டு, ஆனால் இருவருக்கும் ஒத்துவரவில்லையா? சூடு தாங்காதவர் பக்கம் மட்டும் ‘கூலிங்’ மேல்விரிப்பு.

கடைக்குப் போனால் விற்பனையாளரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: அடுக்குவாரியாக டென்சிட்டி என்ன, மொத்த எடை என்ன, ‘கூலிங்’ என்று சோதித்தது எத்தனை டிகிரி அறையில்? பதிலைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுத்தால் அடுத்த கடை. எழுதித் தந்தது பொய்த்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலும் புகார் சொல்லலாம்.